மணியத்தின் இடது கன்னம்

இது நடந்தது. "கண் அசந்திருப்பான், கனவு கண்டிருப்பான்" என்று சொல்ல வாயெடுப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹேமநாதன் அந்த மாதிரி ஆள் இல்லை. செனாய் நகரில் ஒரு தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்ப்பது அவன் வேலை. கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டான். திருவிழாவில் யாராவது சாமி வந்து ஆடினால்கூட ஓரமாக நின்று கைகட்டி வேடிக்கை பார்ப்பான். பேய் என்றால் நடுராத்திரிதான் வர வேண்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால் அதுவும் நடக்கவில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. அதுதான் இன்னும் மோசம்.

போன நவம்பர், மழைக்காலம். கோத்தா திங்கியில் மச்சினன் வாங்கிய புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும் விசேஷம். மனைவி லோஷினி பிள்ளைகளோடு முதல் நாளே போய்விட்டாள். அம்மா சந்திரமதி, மகளின் பிரசவத்துக்காகச் சிம்பாங் ரெங்கத்தில் இருந்தார். அப்பா மணியத்தைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்குக் காலையில் காய்ச்சல் கண்டுவிட்டது. வேறு வழியில்லாமல் ஹேமநாதன் அப்பாவையும் காரில் ஏற்றிக்கொண்டு கூலாயிலிருந்து கிளம்பினான்.

மணியத்துக்குப் பக்கவாதம் வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. ஒரு காலத்தில் முகம் மழிக்காமல் காலைக் காப்பி குடிக்காத மனிதர். இப்போது முகமெல்லாம் வெட்டாத லாலாங் புல் மாதிரி வெள்ளைத் தாடி மண்டிக் கிடந்தது.

கோத்தா திங்கி ஊருக்குள் நுழைந்ததும் அப்பா துடிக்க ஆரம்பித்தார். இடது கையால் கார்க் கதவைத் தட்டினார்.

"என்னப்பா, ஒண்ணுக்கு வருதா?"

இல்லை என்று தலையாட்டினார். பிறகு அந்தக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரல்கள் தாடியில் அழுந்தின. தாடியைத் தொட்டுக் காட்டுகிறார், சொந்தக்காரர்கள் முன்னால் இந்தக் கோலத்தில் போக வெட்கப்படுகிறார் என்று ஹேமநாதன் நினைத்துக்கொண்டான். பெற்ற மகனுக்குப் புரிந்தது அவ்வளவுதான், பாவம்.

ஆற்றோரம் பழைய கடை வரிசை. பாதிக் கடைகள் மூடியிருந்தன. ஒன்றில் மட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. திறந்திருந்த மரக்கதவுக்குள் இரும்பு நாற்காலியும் பெரிய கண்ணாடியும் தெரிந்தன. முடிவெட்டும் கடை. நல்லதாகப் போயிற்று என்று காரை நிறுத்தினான். வானம் கறுத்து, மழை கொட்ட ஆரம்பித்தது. அப்பாவைத் தோளில் தாங்கி உள்ளே நடத்தியபோது அவர் இடது கால் தரையில் ஊன்றி முரண்டு பிடித்தது. நல்ல கால் அது. அதையும் நோயின் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. வாங்க என்று சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டு, வருவார்கள் என்று தெரிந்தவர் போல நின்றிருந்தார்.

"சவரம் மட்டும் போதும்ணே. அப்பாவுக்குப் பேச்சு வராது."

"தெரியும்."

அப்பாவை உட்கார வைத்தான். கடைக்காரர் வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டினார். ஹேமநாதன் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்தான். ஒரு முடிகூட இல்லை. சுத்தமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தான்.

கிண்ணத்தில் சோப்பைக் குழைத்தார். நுரையிலிருந்து ஆவி வந்தது. கடையில் அடுப்பு இல்லை. சுடுதண்ணீர்ப் போத்தலும் இல்லை.

தோல்வாரில் கத்தியைத் தீட்டினார். சரக்... சரக்... சரக்...

அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது. வாசலுக்கு வெளியே மழை ஊற்றிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் மழைச் சத்தம் இல்லை. ஹேமநாதன் காதைத் தேய்த்துப் பார்த்தான்.

பிரஷ் அப்பாவின் இடது கன்னத்தில் ஏறி இறங்கியது. இடது தாடை. இடது கழுத்து. அதோடு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணே, ரெண்டு பக்கமும் பண்ணுங்கண்ணே."

"அந்தப் பக்கம் அன்னிக்கே பண்ணியாச்சு தம்பி."

வலது கன்னத்தில் ஐந்து வாரத் தாடி அப்படியே இருந்தது.

விளையாடுகிறாரா? ஹேமநாதன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. கண்ணீர் வழிந்து நுரையில் கோடு போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில்கூட அவர் அழுததில்லை.

கத்தி காதோரம் தொடங்கிக் கீழே வந்தது. கன்னம் வழவழவென்று தெரிந்தது. கத்தி தாடைக்கு வந்தது. பிறகு கழுத்துக்கு.

அங்கே நின்றது.

"மகனா?"

"ஆமாண்ணே."

கடைக்காரர் கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தார். நெடுநேரம்... இமை அசையவே இல்லை.

"வெளிய போயி நில்லு தம்பி."

"ஏன்?"

"நீ பாக்க வேணாம்."

ஹேமநாதனுக்கு ஓடிவிடலாம் என்று தோன்றியது உண்மை. வாசல் இரண்டே எட்டுதான். ஆனால் துணிக்கு அடியில் அப்பாவின் கை துடிப்பது தெரிந்தது.

"போவமாட்டேன்."

கத்தி அசையவில்லை.

"அவர உட்டுருங்கண்ணே... ப்ளீஸ்."

கத்தி அழுந்தியது. ஒரு துளி ரத்தம்... நுரையில் பரவியது.

அவன் பாய்ந்தான். இரண்டு கையாலும் அப்பாவை வாரி இழுத்தான்.

யாரும் தடுக்கவில்லை.

சட்டென்று மழைச் சத்தம் காதை அடைத்தது.

கடை வரிசையின் நடைபாதையில் கிடந்தான். அப்பா அவன் மடியில் கிடந்தார். இரண்டு கடை தள்ளிப் பூக்கடை வைத்திருந்த ஓர் அம்மா ஓடிவந்தார். அறுபதுக்குப் பக்கத்தில் வயது. கையில் பாதி கட்டிய மாலை.

"ஏன் தம்பி, இவ்ளோ நேரமா அப்பாவப் படியில உக்கார வச்சிட்டு மூடுன கதவையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? நாலஞ்சு தடவ கூப்ட்டேன்லா!"

திரும்பிப் பார்த்தான். மரக்கதவு மூடியிருந்தது. குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்திருந்தது. ஆணியெல்லாம் துரு. நிலைப்படிக்கு மேல் விரிசலில் ஒரு செடி முளைத்துத் தொங்கியது.

"இங்க... முடிவெட்டுறவரு..."

"பொன்னுரங்கமா? அலமாக், அவரு செத்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சே! இதே கடையில, பகல்ல, இந்த மாதிரி ஒரு மழையில. அவரு கத்தியாலயே அவரு கழுத்த அறுத்துட்டாங்க. யாருன்னு இன்னி வரைக்கும் போலீஸ் கண்டுபுடிக்கல. எனக்கு அப்ப பதினேழு வயசு. அம்மாகூட இங்கதான் பூ கட்டிக்கிட்டு இருந்தேன். ஒருத்தன் ஆத்துப் பக்கம் ஓடுனான். மூஞ்சியில ஒரு பக்கம் மழிச்சிருந்திச்சி. இன்னொரு பக்கம், இந்த இடது பக்கம், சோப்பு நொர..."

பேச்சு நின்றுவிட்டது.

அவர் மணியத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது தாடையில் நுரை இன்னும் ஒட்டியிருந்தது. அப்பா மெல்ல இடது கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார்.

பூக்கார அம்மா ஓரடி பின்னால் போனார்.

"அப்பா... எந்த ஊரு?"

"ஈப்போ" என்றான் ஹேமநாதன். ஏன் பொய் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. உள்ளே இருந்தபோது வராத நடுக்கம் அப்போதுதான் வந்தது.

விசேஷத்துக்குப் போகவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று லோஷினிக்குச் சொல்லிவிட்டு நேராகக் கூலாய் வந்து சேர்ந்தான். இரவு அம்மாவுக்குப் போன் போட்டு, கடையைப் பற்றி மூச்சு விடாமல், அப்பாவைக் கோத்தா திங்கிக்குக் கூட்டிப் போனதை மட்டும் சொன்னான்.



"பக்கத்து வீட்ல உட்டுட்டுப் போறேன்னுதானடா சொன்ன? அவர ஏன்டா அங்க கூட்டிட்டுப் போன?" அம்மாவின் குரல் உடைந்திருந்தது. "கல்யாணத்துக்கு முன்ன அங்கதான் வேல செஞ்சாரு. அந்த ஊரப் பத்தி ஒரு வார்த்த கேக்கக்கூடாதுன்னு கட்டுன அன்னிக்கே எங்கிட்ட சத்தியம் வாங்குனாரு. நானும் கேட்டதில்ல."

இப்போது நான்கு மாதம் ஆகிவிட்டது. அம்மா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மணியத்தின் வலது கன்னத்தில் தாடி வழக்கம் போல வளர்கிறது. இடது கன்னத்தில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. அன்று கத்தி போன இடமெல்லாம் அன்று இருந்தபடியே வழவழவென்று இருக்கிறது. நரம்புக் கோளாறாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். வாதம் அடித்தது மறுபக்கத்தை என்று ஹேமநாதன் அவரிடம் வாதாடவில்லை.

தினமும் அம்மா எழுவதற்கு முன்னால் அப்பாவின் வலது கன்னத்தை அவனே மழித்துவிடுகிறான். பாதி மழித்த அந்த முகத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது. விஷயம் தெரியாத அம்மா, பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது.

போன வாரம் அப்படி மழித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் உதடு அசைந்தது. பக்கவாதம் வந்த பிறகு முதல் தடவையாகத் தொண்டையிலிருந்து குரல் வந்தது.

"நான்... பொன்னுரங்கத்த..."

இந்த ஒரு குரலுக்காக அந்த வீடு வேண்டாத தெய்வம் இல்லை. ஹேமநாதன் கை நின்றது. அம்மா எழுந்துவிட்டாரா என்று அறைப் பக்கம் பார்த்தான். பிறகு துண்டை எடுத்து அப்பாவின் வாயை மெதுவாகத் துடைத்தான்.

"பேசாதீங்கப்பா" என்றான். "கத்தி பட்டுரும்."

மணியம் மகனையே பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.