மரம் வச்சவன், பேரு வச்சவன்

எங்கள் நர்சரியில் பதியன் போடுகிற அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அங்கே தொட்டிகளுக்குப் பேர்ச்சீட்டு எழுதுகிறவள் நான். அக்காவுக்கு வாய் குறைவு, கை வேகம். முள் குத்தினால்கூட, "விடுடி, அதுக்கும் கோவம் வரும்ல" என்பாள்.

ஒருநாள் சிவப்புக் காகிதப்பூக் கொடியில் ஒரே ஒரு கிளை மட்டும் செம்பு நிறமும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. நாங்களெல்லாம் தாண்டிப் போனோம், அக்கா நின்றாள். அந்தக் கிளையைக் குச்சி குச்சியாக வெட்டி ஊன்றி, நாலு வருஷத்தில் முப்பது தொட்டியாக்கினாள்.

முதலாளி அசந்துபோனார். அவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

"காகிதப்பூவை இங்கிலீஷ்ல போகன்வில்லாம்பாங்க, அது ஒரு கப்பல் தலைவரோட பேரு, தங்கச்சி. செடியைத் தேடி அலைஞ்சது கூட வந்த ஆராய்ச்சிக்காரர். பேரு மட்டும் தலைவருக்கு! நான் அப்படியா செய்வேன்? இதுக்கு உன் பேருதான்."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. என்னிடம் வந்து தன் பேரை மூன்று தடவை எழுத்துக்கூட்டினாள். "தப்பில்லாம எழுதுடி. பள்ளிக்கூடத்துலகூட எவரும் சரியா எழுதினதில்ல."

அந்தத் தொட்டிகளை மலர்க் கண்காட்சியில் வைப்பதற்கு முந்தின நாள் முதலாளி என்னிடம் ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். அதில் அவருடைய மருமகள் பேர்.

"புதுசா வந்த பொண்ணு, சந்தோஷப்படும். எழுதும்மா."

அடப்பாவி மனுஷா! மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். ஆனால் முப்பது சீட்டையும் எழுதினேன். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அக்கா புதுத்துணி உடுத்தி வந்தாள். சீட்டைப் படித்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

அந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. பழைய சிவப்புக்குத் திரும்பும் தளிர்களை அவ்வப்போது வெட்டாவிட்டால், கொடி முழுக்கச் சிவப்பாகிவிடும். எது திரும்பும் தளிர் என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. அடுத்த முறை பூத்தபோது முப்பது தொட்டியும் சாதாரணச் சிவப்பு.

முதலாளி ஓடிவந்தார். "என்ன தங்கச்சி, இப்படிக் கைவிட்டுட்டியே!"

"மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்வாங்க, முதலாளி. பேரு வச்சவங்க கிளை வெட்டட்டும்."

அண்ணன் முதலாளியாகிவிட்டார். அவருக்கு அது வேண்டும், நன்றாக வேண்டும். நான் சிரித்தபடி அவள் பக்கம் திரும்பி, "சரியாக் கேட்டேக்கா" என்றேன்.

அக்கா கத்தரியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க உங்க வேலையைப் பாருங்கம்மா."