திட்டினால்தான் நகரும் குதிரை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் ஓடிவிட்டது. எழுதினால் முருகன் கோபித்துக்கொள்வானோ என்று ஒரு பயம். முருகன் விட்டாலும் என் மனைவி விடமாட்டாள் என்பது அதைவிடப் பெரிய பயம். எனக்குப் படிப்பும் அதிகமில்லை. ஆனால் கோயிலில் இந்தச் சங்கதியை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். ஒருவர் என்னிடமே வந்து, குதிரையைப் படகில் ஏற்ற மயில் இறங்கி வந்ததாமே என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அப்போது பினாங்கில் பந்தயக் குதிரை பார்க்கும் வேலை எனக்கு. ஒரு வெள்ளைக்காரத் துரையின் லாயத்தில் ஒரு பெண்குதிரை என் பொறுப்பு. நடத்துவது, தேய்ப்பது, தீனி வைப்பது எல்லாம் நான்தான். பந்தயம் பினாங்கோடு நிற்காது. ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று குதிரை போகும் ஊருக்கெல்லாம் நானும் போக வேண்டும்.

அந்தக் குதிரைக்குத் துரை ஏதோ சீமாட்டியின் பெயர் வைத்திருந்தார். என் வாயில் அது நுழையாது. நான் வைத்த பெயர் மூதேவி. கொஞ்சினால் கடிக்கும். தடவிக் கொடுத்தால் காதை மடக்கிக்கொண்டு கல்லாக நிற்கும். திட்டினால் மட்டும் நடக்கும், அதுவும் நான் திட்டினால்தான். காலையில் திருநீறு பூசி முருகனைக் கும்பிட்ட வாயாலேயே அடுத்த நிமிஷம், "நவுருடி மூதேவி, உங்கப்பன் வீட்டுத் தரையா இது?" என்று தொடங்குவேன். என் பக்தியை முருகன் எந்தக் கணக்கில் வைத்தானோ தெரியாது.

அந்த வருஷம்தான் மனைவியை ஊரிலிருந்து கப்பலில் அழைத்து வந்திருந்தேன். சுங்கை பினாங்கில் ஓர் அறை பிடித்து அவளைக் குடிவைத்துவிட்டு, மறுவாரமே குதிரையோடு சிங்கப்பூர் போனேன். திரும்பி வந்தால், "மூத்தவ சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். குதிரைக்கு அவள் வைத்த பெயர் அது.

நான் தூக்கத்திலும் குதிரையைத் திட்டுவேனாம். முதலில் யாரோ ஒருத்தி என்று நினைத்து அழுதிருக்கிறாள். குதிரை என்று தெரிந்ததும் இன்னும் அதிகமாக அழுதாள்.

"பக்கத்து வீட்டுக்காரி பாதி மலாய்ல பேசுறா. சாமான் வாங்கப் பசாருக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு. நீங்க என்னடான்னா அவளக் கூட்டிக்கிட்டு ஊர் ஊரா உல்லாசமாச் சுத்துறீங்க. சஷ்டி முடிஞ்சு வர்ற நாகப்பட்டினம் கப்பல்ல என்னை ஏத்தி விட்டுடுங்க."

அவளைச் சமாதானம் செய்ய எனக்குப் பேச்சு வராது. அதனால் முருகனிடம் போனேன். கந்த சஷ்டி ஆறு நாளும் உபவாசத்தோடு மௌன விரதமும் இருக்கிறேன், அவள் இங்கேயே தங்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதற்காக என்று அவளிடம் சொல்லவில்லை. மௌனம் என்றதும், "வீட்டுல எப்பவும் அப்படித்தானே இருக்கீங்க" என்று போய்விட்டாள்.

அந்த வாரம் குதிரைக்குப் பயணம் இல்லை என்று நம்பித்தான் வேண்டிக்கொண்டேன். ஆனால் மழையில் பினாங்குப் பந்தயத் திடல் சேறாகி, பந்தயம் ஈப்போவுக்கு மாறிவிட்டது. விரதத்தின் நடுவில் துரை வந்து, குதிரைகள் இன்றே ஈப்போ போகட்டும் என்று சொல்லிவிட்டார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பினாங்கு தீவு, ரயிலைப் பிடிக்கப் படகில் அக்கரைக்குப் போக வேண்டும். படகுத்துறை வரைக்கும் மூதேவி மற்ற குதிரைகளின் வாலைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டது. ஃபெரியில் ஏறும் பலகையைக் கண்டதும் நின்றது. காதை மடக்கியது. பிடித்து இழுத்தோம், பின்னாலிருந்து தள்ளினோம். அசையவில்லை. பக்கத்து லாயத்துக்காரன், மலாய்க்காரர் மாதிரி எதற்கும் ஒரு 'லா' போட்டுப் பேசும் வேடிக்கைக்காரன், தன் பங்குக்குத் திட்டிப் பார்த்தான். குதிரை கொட்டாவி விட்டது.

"அண்ணே, மனசுக்குள்ளயாவது திட்டுங்கலா! அது காதுல விழுதான்னு பாப்போம்" என்றான் என்னிடம்.

துரைக்கு முகம் சிவந்தது. சங்கு ஊதுவதற்குள் குதிரை ஏறாவிட்டால் நீ நாளைக்கு லாயத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாயைத் திறந்தால் விரதம் போச்சு. திறக்காவிட்டால் வேலை போச்சு. எது போனாலும் அவள் கப்பலேறிவிடுவாள். முருகா, உனக்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்று நெஞ்சுக்குள் சண்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் டிராமிலிருந்து அவள் இறங்கினாள். நான் மறந்துவிட்டு வந்த திருநீற்றுப் பையும் நாலு வாழைப்பழமும் கையில். பசாருக்குப் போகப் பயந்தவள், லாயத்தில் விசாரித்து, வழி கேட்டுக் கேட்டுத் தனியாக டிராம் ஏறி வந்திருக்கிறாள்.

"என்ன நடக்குது இங்க?"

"அக்கா, மூத்தவங்க ஏற மாட்டேங்குறாங்க. அண்ணன் திட்டினாத்தான் ஏறும். அண்ணன் வாய்க்குப் பூட்டுலா" என்றான் பக்கத்து லாயத்துக்காரன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். பழத்தை அவனிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குதிரைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏண்டி மூதேவி! நவுருடி! தொறைமுகம் என்ன உங்கப்பன் வீட்டுத் தரையா? முழிக்கிறா பாரு! தூக்கத்துலகூட ஒன் பேரத்தானே சொல்றாரு, இன்னும் என்னடி வேணும் ஒனக்கு? ராவும் பகலும் ஒன்னையே திட்டுற மனுசனுக்கு என்னைத் திட்டக்கூட நேரமில்லடி!"

குதிரை காதை நிமிர்த்தியது. எல்லாம் என் வார்த்தைகள், வேறு தொண்டையில். மறுவீடு போகும் மணப்பெண் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு பலகையில் ஏறிவிட்டது. துரை தொப்பியைக் கழற்றினார்.

"அக்கா, அக்கரையில ரயில்ல ஏத்தணும். ஈப்போல எறக்கணும். யாரு திட்டுறது? நீங்களும் ஏறுங்க" என்றான் அவன். துரையும் கையைக் காட்டினார். கட்டிய சேலையோடு ஏறினாள்.

ரயிலில் குதிரைப் பெட்டி எப்படியிருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வைக்கோல், சாணம், கொசு. வளைவுகளில் குதிரை விழாமலிருக்கக் கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றுகொண்டே போக வேண்டும். கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைப்பிங் தாண்டியதும் கேட்டாள்.

"இதுதானா உங்க உல்லாசம்?"

தலையை ஆட்டினேன்.

"நான் என்னமோ ராசா மாதிரி போறீங்கன்னுல்ல நெனச்சேன். கயித்த இங்க குடுங்க. சித்த ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். விரதத்தில் கண்ணீருக்குத் தடையில்லை.

ஈப்போ கோயிலில் சூரசம்ஹாரம் பார்த்து விரதத்தை முடித்துக்கொண்டு லாயத்துக்கு வந்தேன். அவளிடம் சொல்ல நல்ல வார்த்தைகளாக ஆறு நாளும் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன். குதிரை என் காலை மிதித்தது.

"அடி மூதேவி!"

தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள். "யாரச் சொல்றீங்க, எங்க ரெண்டு பேர்ல?"

சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் ஓடிவிட்டது. "கப்பல்..." என்று இழுத்தேன்.

"அது போனாப் போகட்டும். அடுத்து நமக்கு எந்த ஊரு?"

பந்தயத்தில் எங்கள் குதிரை கடைசிக்கு முந்தியதாக வந்தது. கடைசிக் குதிரை பாதியில் நின்றுவிட்டது.

என் வேண்டுதலை நிறைவேற்றியது முருகன்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செய்கிற விதத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். குதிரையைத் திட்டியதில் ரெண்டு வார்த்தை விட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் அவள் குறை. அவை அச்சில் வரக்கூடியவை அல்ல. ஆகையால் இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். மயிலைக் கொண்டுவர வேண்டாம். குதிரையை முதலாவதாக வரவைக்க வேண்டாம். துறைமுகத்தில் திட்டியவள் என் மனைவி. அந்தப் பெருமையை முருகனுக்குக்கூட விட்டுக்கொடுக்க அவளுக்குச் சம்மதமில்லை.