பெட்டிசம் செல்லச்சாமியும் ஊர்ப் பெயர்களும்

கண்டியில் கச்சேரி என்கிற அரசாங்கக் காரியாலயத்துக்கு வெளியே தார்ப்பாய் கட்டிக்கொண்டு, டைப்ரைட்டரோடு உட்கார்ந்து சனத்துக்கு மனு டைப் அடித்துக்கொடுத்த பெட்டிசக்காரர்களில் நானும் ஒருவன். இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். போகும்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். காரைத்தான் நோட்டம் விடுகிறேன் என்று காவலாளி விரட்டுகிறான். அங்கே என் இடதுபக்கத்து மேசையில் செல்லச்சாமி அண்ணன் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அண்ணன் மஹய்யாவையில் பிறந்தவர். அப்பா நகரசபைத் தொழிலாளி, இந்தியாவிலிருந்து வந்த குடும்பம். நல்ல மனிதர், ஆனால் ஒரே ஒரு பைத்தியம் இருந்தது: ஊர்ப் பெயர். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன புத்தகக் குவியலில், அட்டை கிழிந்த தடித்த அகராதி ஒன்று அவர் கையில் சிக்கியது. எந்தச் சொல்லுக்கு எது வேர் என்று சொல்லும் அகராதி. அன்றிலிருந்து மனிதர் நம்மோடு பாதி நாள்தான் இருந்தார்.

அந்த வேர்களெல்லாம் ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால், எழுத்தே இல்லாத காலத்தில், எங்கோ வடக்குப் புல்வெளியில் மாடு மேய்த்த கூட்டம் பேசிய பாஷையாம். கூட்டம் சிதறியதாம். ஒரு கிளையின் பேச்சு ஸ்கொட்லாந்து வரை போனதாம், இன்னொன்று இந்தியா வழியாக வந்து இங்கே சிங்களமானதாம். கண்டிக்குச் சிங்களத்தில் மஹநுவர என்று பெயர், அதில் இருக்கும் ‘மஹ’வும் பட்டாளத்து மேஜரும் ஒரே வேர் என்பார். டொன்பேங்க் என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. டொன் என்பது ஸ்கொட்லாந்தில் ஓர் ஆறு. அந்தப் பெயருக்கு ஆதியில் தேவி என்று பொருளாம். சிங்களவர் கோவிலைத் தேவாலை என்கிறார்களே, அதில் உள்ள ‘தேவ’வும் அதே வேராம். இதைக் கண்டுபிடித்த அன்று எங்கள் எல்லோருக்கும் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார்.

“நம்ம தமிழ் அந்தக் குடும்பத்துலயே இல்லன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க? அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நீங்க எதுக்குப் பந்தல் போடுறீங்க?” என்று சீண்டுவேன்.

அவர் கோபிக்க மாட்டார். “குடியானவனும் போயிருவான், ராசாவும் போயிருவான். ஊர்ப் பேரு மட்டும் மண்ண விட்டு நகராதுப்பா” என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிலிமத்தலாவை பஸ்ஸில் ஏறி, வழியில் உள்ள பெயர்ப் பலகைகளையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே போய், அடுத்த பஸ்ஸில் திரும்புவார். பல தடவை நானும் போயிருக்கிறேன். அவர் சொல்லும் வேர்க் கதைகளில் அரைவாசி எனக்கு விளங்காது. ஆனாலும் அந்த ஞாயிறுகளைப் போல சந்தோஷமான ஞாயிறு பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

அறுபத்து நாலாம் வருஷத்து இந்திய - இலங்கை ஒப்பந்தம் வந்த பிறகு எங்கள் மேசைகளுக்கு முன்னால், எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத தோட்டத்துச் சனம் வரிசையில் நின்றது. இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்குப் போவதா என்று ஒவ்வொருவரும் விண்ணப்பிக்க வேண்டும். ‘பிறந்த இடம்’ என்ற கேள்விதான் தலைவலி. தோட்டத்து ஆட்கள் இங்கிலீஷ் பெயரைச் சொல்வதில்லை, தங்களைக் கூட்டிவந்த கங்காணியின் பெயரால்தான் தோட்டத்தைச் சொல்வார்கள். கங்காணி துரையோடு மல்லுக்கு நின்று, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு மலைக்குப் போனால் அந்தப் பெயரும் கூடவே போகும். அதனால், “நீங்க பொறக்கிறப்ப கங்காணி எந்த மலையில இருந்தாரு?” என்று கேட்காமல் எழுதக் கூடாது. தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த எனக்கு அது தானாக வரும். அண்ணனும் கேட்கப் பழகியிருந்தார்.

பேச்சியம்மா வந்த அன்று மட்டும் கேட்கவில்லை. நாற்பது வயது, கொழுந்து பறிக்கிறவள், புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். அவரைப் புதைத்த மண்ணை விட்டுப் போக மாட்டேன் என்று நின்றாள். இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம்.

“எங்க பொறந்தீங்க தாயி?”

“இருளப்பன் தோட்டத்துலங்க.”

இருளப்பன் கங்காணியின் ஆட்கள் டொன்பேங்க்கில் இருப்பது கச்சேரிப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு அந்தப் பெயரை அடிக்கக் கிடைத்ததே பெரிய கொண்டாட்டம். அடித்துவிட்டு, அவளிடமே ஸ்கொட்லாந்து ஆற்றின் கதையை எடுத்துவிட்டார். அவளும் மரியாதைக்குத் தலையாட்டினாள். நான் அடுத்த மேசையிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

பதினோரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. டொன்பேங்க் பிறப்புப் பதிவில் அவள் பெயர் இல்லை, தகவல் தவறு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவள் பிறந்தபோது இருளப்பன் கங்காணி ஹந்தானை மலையில் இருந்திருக்கிறார். அவளுக்கு நாலு வயதான பிறகுதான் எல்லோரும் டொன்பேங்க் வந்திருக்கிறார்கள்.

அண்ணன் டைப்ரைட்டரை மூடிவிட்டு ஹந்தானைக்கு நடந்தே ஏறினார். தோட்டம் தோட்டமாக விசாரித்து, மூன்றாம் நாள் அவளுடைய பிறப்புப் பதிவின் பிரதியோடு வந்தார். மேன்முறையீடு எழுதினார். தவணை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.

“ஊர்ப் பேரு நகராதுன்னு சொன்னீங்களே அண்ணே” என்றேன். கோபத்தில் சொல்லிவிட்டேன், சொல்லியிருக்கக் கூடாது. அதன் பிறகு பிலிமத்தலாவை பஸ்ஸில் அவர் ஏறவே இல்லை.

கடைசியில் பேச்சியம்மா இந்தியாவுக்குப் போகும் விண்ணப்பத்தோடு வந்தாள். என் மேசை சும்மாதான் இருந்தது. அதைத் தாண்டி அவரிடமே போனாள். அண்ணன் ஒவ்வொரு பதிலையும் இரண்டு தரம் கேட்டு அடித்தார். ‘இந்தியாவில் சொந்த ஊர்’ என்ற கேள்வி வந்தது.

“அங்க உங்க ஆளுங்க எந்த ஊரு தாயி?”

“தெரியலிங்க. அம்மா சாவுறப்ப எனக்கு ஆறு வயசு.”

“கங்காணி வீட்டுல கேட்டுப் பாத்தீங்களா?”

“கேட்டுட்டேங்க. யாருக்கும் தெரியல. நீங்களே ஒரு ஊரு எழுதுங்க ஐயா. உலகத்துல உள்ள ஊர்ப் பேரெல்லாம் உங்களுக்குத் தெரியுமே.”

அவள் குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள்.

அண்ணன் துறையூர் என்று அடித்தார். அதற்கு அருகே உள்ள கிராமம், தெரு என்று எங்கேயும் நிற்காமல் அடித்து முடித்தார். அவளுக்கு அது பாடமாகும் வரை மூன்று தரம் சொல்லிக் கொடுத்தார்.

“அங்க போய் எறங்கினா, பழனியாண்டி பேத்தின்னு சொல்லுங்க தாயி.”

பழனியாண்டி, அண்ணனுடைய அப்பாவைப் பெற்றவர்.