சாய்கோட்டம்மாவின் இருபத்து மூன்று

சாய்கோட்டம்மா என்ற பெயரை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும் அக்கா முதன்முதலில் கேட்டபோது, அந்தப் பெயருக்குரியவளின் இரண்டு பாதங்கள் மட்டும்தான் மேசைக்கடியிலிருந்து வெளியே தெரிந்தன.

"யாரு இது?"

"சாய்கோட்டம்மா. ஒயரோட சண்டை போட்டுட்டு இருக்கா," என்றார் காவலாளி.

ஆஸ்பத்திரிக் கணினிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது அவள் வேலை. சுவரிலிருக்கும் ஒவ்வொரு இணைப்புப் பெட்டியிலும் கணினியின் முகவரியை எழுதுவாள். பக்கத்தில் ஒரு சாய்கோடு இழுத்து 24 என்று போடுவாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. காதில் பேனா, இடுப்பில் திருப்புளி, பையில் பாதி கடித்த பிஸ்கட். இயந்திரங்களை அவள் உறவு சொல்லித்தான் திட்டுவாள். அடிக்கடி நின்றுபோகும் பிரிண்டர் அவளுக்கு நாத்தனார். "எப்பப் பாரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு. என்னடி குறை உனக்கு இப்போ?"

அந்த 24 என்னவென்று அக்கா ஒருநாள் கேட்டாள். சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாகக் கட்டம் போட்டாள் சாய்கோட்டம்மா.

"முகவரிக்கு மொத்தம் முப்பத்திரண்டு கட்டம்க்கா. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. முன்னாடி இருபத்துநாலும் வீட்டுப் பேரு. மிச்சம் எட்டுதான் ஆளுங்களுக்கு. ஒரே வீட்டுப் பேரு இருந்தா நேரா பேசிக்கலாம். வேற வீடுன்னா வாசல் வழியாத்தான் போகணும்."

நாலு தலைமுறைப் பங்காளிகளை விரல் மடக்கிச் சொல்கிற அக்காவுக்கு இது எம்மாத்திரம்? "அப்ப வீட்டுப் பேரு நீண்டுக்கிட்டே போனா, ஆளுங்களுக்கு இடம் சுருங்குமே."

"அதேதான். கட்டத்துல பூஜ்யமோ ஒண்ணோதான் வரும், அதனால ஒரு கட்டம் குறைஞ்சா இடம் பாதியாயிடும். இருபத்துநாலுன்னா இருநூத்தி அம்பத்துநாலு பேரு இருக்கலாம். இருபத்தாறுன்னா வெறும் அறுபத்திரண்டு."

அக்கா பள்ளிக்கூடம் போனது ஐந்து வருடம். அவளுக்குப் புரிந்தது, சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டிய நிர்வாகிக்குக் கடைசிவரை புரியவில்லை.

இருநூற்று நாற்பது கணினி இருந்த இடத்தில், புதுக் கட்டடத்துக்காக இன்னும் நூறு வருவதாக இருந்தது. அக்கா கையெழுத்து வாங்கப் பதிவேட்டோடு நின்ற அன்று சாய்கோட்டம்மாவும் நிர்வாகியின் அறையில் இருந்தாள்.

"வீடு பத்தாது சார். இருபத்து மூணாக்கணும்."

"ஏம்மா, கூட்டச் சொன்னா குறைக்கிறே? இருபத்தாறு போடு."

"அது தலைகீழ் சார். எண்ணு ஏறினா இடம் இறங்கும்."

"எனக்கு எண்ணத் தெரியாதுங்கறியா?"

அவள் மாற்ற மறுத்தாள். நிர்வாகி வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அவன் விஷயம் தெரிந்தவன்தான். இருபத்தாறு என்று சொன்னார்கள், போட்டான், போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை. வாசலுக்கு ஒன்று போக, முந்திக்கொண்ட அறுபத்தோரு கணினிகளுக்கு இடம் கிடைத்தது. மற்றதெல்லாம் நடுத்தெருவில். நோயாளிகள் வரிசை வெளிக்கதவைத் தாண்டியது. நிறைமாதக்காரி ஒருத்தி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரத்தப் பரிசோதனை முடிவுகள் ஓர் அறையில், டாக்டர்கள் வேறோர் அறையில். அக்கா கையாலேயே சீட்டு எழுதினாள். விரல் முட்டிகள் வீங்கிப்போயின. சாய்கோட்டம்மா இருபத்து மூன்று போட்டு எல்லாவற்றையும் எழுப்பி உட்காரவைக்கும்போது மணி பன்னிரண்டு.

இரண்டு மணிக்கு அவளுக்கு மெமோ வந்தது. கவனக்குறைவாம். கூடவே தட்டச்சடித்த மன்னிப்புக் கடிதம். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. தப்பைச் செய்தவர் நாற்காலியில் சாய்ந்திருப்பாராம், வேண்டாமென்று தடுத்தவள் மன்னிப்புக் கேட்பாளாம். எந்த ஊர் நியாயம் இது?

"கையெழுத்துப் போட்டுடு. பெரிசு பண்ண மாட்டேன்," என்றார் நிர்வாகி. "இல்லேன்னா வேலை இருக்காது."

"நான் சொன்னது இருபத்து மூணு சார்."

"எழுத்துல இருக்கா?"

இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தாள்.

"நான் கேட்டேன் சார். இங்கதான் நின்னேன்."

"சீட்டு எழுதறவளுக்கு இதுல என்ன தெரியும்?"

அக்கா மன்னிப்புக் கடிதத்தை எடுத்துத் திருப்பிப் போட்டாள். வீங்கிய விரலால் முப்பத்திரண்டு கட்டம் போட்டாள். இருபத்தாறாவது கட்டத்துக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இழுத்தாள்.

"மிச்சம் எத்தனைன்னு நீங்களே எண்ணுங்க சார்."

அவர் எண்ணவில்லை. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கவும் இல்லை.

வேலை போகவில்லை, இடம்தான் போனது. சாய்கோட்டம்மா இப்போது கீழ்த்தளத்தில், பழைய பதிவேட்டு அறையில் இருக்கிறாள். ஜன்னல் கிடையாது, கணினி இரண்டே இரண்டு. மேலே ஏதாவது நின்றுபோனால் நிர்வாகியே படியிறங்கி வருகிறார். அவர் வாயைத் திறக்குமுன் அவள் காதிலிருக்கும் பேனாவை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்து, அவர் பக்கமாக நகர்த்துகிறாள்.