டிரான்ஸ்பார்மரில் கட்டியிருந்த துண்டு

விண்மீன்களின் ஒளியை அளக்கும் மென்பொருளை என் பழைய கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். முடிய ஆறு மணி நேரம் ஆகும். என் ஆராய்ச்சியே அதை நம்பித்தான் இருந்தது. மூன்றாவது முறையாக, முடியப்போகும் நேரத்தில் கரண்ட் போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆத்திரத்தோடு வாய்க்கால் ஓரத்து டிரான்ஸ்பார்மருக்குப் போனேன். கரண்டை நிறுத்தும் கைப்பிடியை இறக்கி அதில் துண்டு கட்டியிருந்தார்கள். வயலில் யாரோ மோட்டார் ஒயரில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். திருவையாறு பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். "இவனுங்களுக்கு வேற வேலையில்ல" என்று துண்டை அவிழ்த்து வீசிவிட்டுக் கைப்பிடியை ஏற்றினேன்.

வயலில் அலறல் கேட்டது. உடனே இறக்கினேன். ஓடிவந்தவர்கள் நான் இறக்கியதை மட்டும்தான் பார்த்தார்கள்.

ஒயரைப் பிடித்திருந்தது பக்கத்து வயல் செல்வராசு அண்ணன். அவருக்கு வலது கையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன்.

"எந்தப் பாவி ஏத்துனானோ, அவன் கை வெளங்காமப் போவ" என்றார் அவர் மனைவி. "தம்பி மட்டும் எறக்கலன்னா இவரு இல்ல."

"விடுடி. தம்பிக்கு மொதல்ல டீய ஊத்து" என்றார் அண்ணன்.

வாங்கிக் குடித்தேன்.

மென்பொருள் அடுத்த வாரம் பிழையில்லாமல் கம்பைல் ஆனது. பட்டமும் வாங்கிவிட்டேன். அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை எனக்குத்தான் வருகிறது. நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். அவரிடம் சொல்ல வேண்டியதை உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.