கம்பி வலையில் ஒரு விரல் நுனி

கால்வாயில் ஊசியோடு கிடப்பவனைப் பார்த்ததும் "தானாகத் தேடிக்கொண்டது" என்று சொல்லிவிட்டு நடக்கிறீர்களே, அன்று காலை அவன் எதற்காக அந்த ஊசியைப் போட்டுக்கொண்டான் என்று கேட்டதுண்டா?

எவாரிஸ்தோவைப் பற்றிச் சொல்கிறேன். திஹுவானாவில், கலிபோர்னியா எல்லைச் சுவரை ஒட்டிய கான்கிரீட் கால்வாயில் தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தவர். அதற்கு முன் பாதி ஆயுளைச் சுவருக்கு அந்தப் பக்கம், கலிபோர்னியாவில் ஒரு பால்பண்ணைக்குக் கொடுத்தவர். மாட்டுக்கு ஊசி போடுவது அவர் வேலை. காரின் பின்விளக்கு எரியவில்லை என்று ஒருநாள் நிறுத்தினார்கள். குடியிருக்கக் காகிதம் இல்லை என்று விலங்கு மாட்டி எல்லைக்கு இந்தப் பக்கம் தள்ளினார்கள். அந்தப் பண்ணையின் பால்பவுடர் மட்டும் இன்றும் தடையில்லாமல் இங்கே வருகிறது.

அடையாள அட்டை இல்லாதவனுக்கு இங்கே வேலை இல்லை. குளிருக்கு முதலில் சாராயம், பிறகு ஹெராயின். நரம்பு செத்துப்போனவர்களுக்கு ஊசி ஏற்றிவிட ஒரு கை வேண்டும். மாட்டின் கழுத்தில் நரம்பு தேடிப் பழகிய கையைக் கால்வாயே "டாக்டர்" என்றது. ஊசியில் மிஞ்சும் சொட்டுதான் கூலி. ஊசி வைத்திருந்தாலே போலீஸ் அள்ளிக்கொண்டு போகும் என்பதால் ஒரே ஊசி பல கை மாறும். பிளீச் விட்டு அலசாமல் இவர் தொடமாட்டார்.

2019இல், சுவருக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்ட மகள் நயேலி சொல்லியனுப்பினாள்: கைக்குழந்தையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சுவருக்கு வருகிறாள். அங்கே கம்பி வலையில் ஒரு விரல் நுனிதான் நுழையும். பேத்தியைத் தொட அது போதுமே! எவாரிஸ்தோ ஊசியை விடத் துணிந்தார். ஹெராயினுக்கு மாற்று மருந்து தரும் கிளினிக் அடையாள அட்டை கேட்டது. போதகர் நடத்திய மறுவாழ்வு இல்லம், பூட்டிவைத்து ஜெபிப்போம், ஞாயிறும் வெளியே விடமாட்டோம் என்றது. பூட்டும் ஜெபமும் நோயைத் தீர்க்குமானால் சிறைச்சாலைகளில் நோயாளியே இருக்கக் கூடாது. போர்வைக்குள் நடுங்கி, வாந்தியெடுத்து, தனியாகவே குறைத்தார். வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தார்.

அந்த ஞாயிறு காலை பக்கத்துத் தார்ப்பாய் சாயோ எட்டிப் பார்த்தாள். வாய் நீளம், மனசு அதைவிட நீளம்.

"என்ன டாக்டரே, மாப்பிள்ளை கணக்கா சவரம்! கன்னமெல்லாம் ஒரே வெட்டு. மாட்டுக்கும் இப்பிடித்தான் செரைச்சு விட்டீங்களா?"

"கை நிக்க மாட்டேங்குது சாயோ. புள்ள பயந்துரும்."

"அதுக்கென்ன தெரியும்? தாத்தா தாளம் போடுறாருன்னு சிரிக்கும்."

"நயேலிக்குத் தெரியுமே."

நடுக்கம் அடங்கினால் போதும் என்று பழைய அளவில் பாதி எடுத்தார். ஆனால் பழைய சரக்கு கறுப்புப் பிசின். அந்த வாரம் கிடைத்தது வெள்ளைத் தூள். அதில் என்ன கலந்திருந்தது என்று விற்றவனுக்கே தெரியாது. கறுப்பை அளந்த அதே கண்ணால் வெள்ளையையும் அளந்தார்.

உதடு நீலமாவதைச் சாயோ பார்த்தாள். கால்வாய்க்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: உப்புத் தண்ணீரை நரம்பில் ஏற்றுவது. கரைத்தாள், குத்தினாள், மறுபடி குத்தினாள். நரம்பு கண்டுபிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் கீழே கிடந்தார். உப்பு யாரையும் எழுப்பியதில்லை என்று அவளுக்குச் சொல்ல எவனும் அங்கே இறங்கி வந்ததில்லை. மூக்கில் அடித்தால் மூச்சைத் திருப்பும் நலோக்சோன் மருந்து சுவருக்கு அந்தப் பக்கம் கைப்பைகளில் கிடக்கிறது. இந்தப் பக்கம் டாக்டர் சீட்டில்லாமல் கிடைக்காது.

ஆம்புலன்ஸ் வந்தது. "கீழ எறங்க மாட்டோம். மேல தூக்கிட்டு வாங்க."

தூக்கி வருவதற்குள் முடிந்துவிட்டது.

சுவருக்குச் சாயோதான் போனாள். வலைக்கு அப்பால் குழந்தையோடு நின்ற நயேலியிடம் தான் யாரென்று சொன்னாள்.

"அப்பா எங்கக்கா?"

"போலீஸ் அள்ளிட்டுப் போயிட்டானுங்க கண்ணு. அட்டை இல்லன்னு."

நயேலி நம்பினாள். அப்படி நடக்காத வாரம் ஏது?

"பழையபடி ஊசியா?"

"இல்லம்மா. சவரமெல்லாம் பண்ணிட்டுக் கெளம்பினாரு."

வலைக்குள் ஒரு சின்ன விரல் நீண்டது. உப்புப் படிந்த தன் விரலால் சாயோ அதைத் தொட்டாள்.

அடையாளமில்லாதவர்களின் பொதுக்குழி அருகே நின்றுதான், இறந்தவர்களின் சொந்தங்களைத் தேடித் தகவல் சொல்லும் என்னிடம் சாயோ இதையெல்லாம் சொன்னாள். நயேலிக்கு உண்மையைச் சொல்லும் வேலை எனக்கு விழுந்தது.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மூச்சடங்கிக் கிடப்பவரைத் தாண்டிப் போகாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வரும்வரை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். பிறகு உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போய், மூச்சைத் திருப்பும் அந்த மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். பதில் கிடைக்காமல் திரும்பாதீர்கள்.