விசாரணை கேட்ட அண்ணன்

இன்று டிக்கோயாவிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அண்ணன் வழியெல்லாம் முழங்கிக்கொண்டே வந்தார்.

"போதைத் தூள் கடத்துறவன எல்லாம் தூக்குல போடணுங்க! விசாரணையே தேவையில்ல!"

பஸ்ஸே தலையாட்டியது. நானும்தான்.

பாதி வழியில் பொலிஸ் சோதனை. மோப்ப நாய் ஏறி, நேராக வந்து, அண்ணனின் பைக்குள் மூக்கை விட்டபடி நின்றுவிட்டது.

அந்தக் குளிரிலும் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. தமிழிலும் சிங்களத்திலும் மாறி மாறிக் கெஞ்சினார்.

"சேர், மொதல்ல என்னா ஏதுன்னு விசாரிங்க சேர்!"

பின் சீட்டிலிருந்து கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் கேட்டார்: "விசாரணையே வேணாம்னீங்களேண்ணே?"

பையைத் திறந்தால், மீன் வைத்த சூடான மாலு பணிஸ்! பொலிஸ்காரரே விழுந்து விழுந்து சிரித்தார்.

நேற்று என் முகநூல் பக்கத்தில் 'உடனே தூக்கு' என்று கமெண்ட் போட்டவர்களே, உங்கள் பைக்குள் என்ன இருக்கிறது?